ஓடிபி வந்த சட்டைப்பை

கடலூர் மாவட்டத்துப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வணிகப் பெருமக்களுக்கும், ஓடிபி என்றால் என்னவென்றே தெரியாமல் இன்னும் நிம்மதியாகக் காலம் தள்ளும் பாக்கியவான்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஓடிபி வந்து இறங்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்த இடம் குடும்பத் தலைவரின் சட்டைப்பை. இந்த மாபெரும் கொள்கையை வகுத்து, மஞ்சக்குப்பத்தில் நடைமுறைப்படுத்தி, உயிருள்ளவரை கட்டிக் காப்பதென்று உறுதி பூண்டிருந்தவர் மேல்பட்டாம்பாக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நைனா முகம்மது அவர்கள். நைனா பெயிண்ட்ஸ் உரிமையாளர். வட்டார வணிகர் நல மன்றத்தின் துணைத் தலைவர்.

கேஸ் சிலிண்டருக்கு அவர் நம்பர். ரேஷன் கார்டுக்கு அவர் நம்பர். மனைவி சுல்தானாவின் ஆதாருக்கும், மகன் அஃப்சலின் பேங்க் கணக்குக்கும், ஊரில் தனியாக இருக்கும் சின்னம்மாவின் பென்ஷனுக்கும் அதே நம்பர். வீட்டில் யார் எதை வாங்கினாலும், எதற்கு விண்ணப்பித்தாலும், முதலில் அவர் பையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார். பிறகு அந்த எண்களை வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் செய்பவரைப் போல நிறுத்தி நிறுத்திப் படிப்பார். பாதி நேரம் அவர் படித்து முடிப்பதற்குள் ஓடிபி செத்துப் போயிருக்கும். மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அதிலும் அவருக்கு ஒரு திருப்தி உண்டு.

மகள் மெஹ்ரீன் புதுச்சேரியில் கணக்கு மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். கம்பெனி அவளைப் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் அனுப்புவதாகச் சொன்னதும் வீட்டில் ஒரு வாரம் வட்டமேசை மாநாடு நடந்தது. கல்யாணமாகாத பெண் தனியாகப் போகலாமா என்பது முதல் தீர்மானம். அது சுல்தானாவின் ஒரே வார்த்தையில் அடிபட்டுப் போனது. "போய்ட்டு வரட்டும்," என்றாள் அவள், வெங்காயம் உரித்துக்கொண்டே. இரண்டாவது தீர்மானம், செலவுக்கு என்ன வழி என்பது. மெஹ்ரீன் ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கிளிப்பச்சை நிறத்தில் பளபளவென்று இருந்தது. டிஜிட்டல் பேங்க் என்றாள். வெளிநாட்டில் தேய்த்தால் கூடுதலாகப் பிடிக்க மாட்டார்களாம்.

"மேனேஜர் பேரு என்னா?" என்று கேட்டார் நைனா முகம்மது.

"மேனேஜர்லாம் கெடையாது அத்தா."

"பிராஞ்ச் எங்க இருக்கு?"

"அதுவும் கெடையாது. எல்லாம் போன்லயே."

"அப்ப ஒண்ணு ஆச்சின்னா யாருகிட்டப் போயி சண்ட போடுறது?"

மெஹ்ரீன் சிரித்தாள். மன்றத் துணைத் தலைவர் தம் பொதுவாழ்வில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். ஆனால் பதில் வருவதற்கு முன்பே அவர் நிபந்தனைக்குத் தாவிவிட்டார். கணக்கு அவர் நம்பரில் இருக்க வேண்டும். ஆப் அவர் போனில் இருக்க வேண்டும். கார்டு மட்டும் அவள் கையில் இருக்கலாம். மெஹ்ரீன் அம்மாவைப் பார்த்தாள். சுல்தானா கண்ணாலேயே ஒத்துக்கொள்ளச் சொன்னாள். விமானம் ஏறினால் போதும் என்று மெஹ்ரீனும் ஒத்துக்கொண்டாள்.

அவள் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, சுல்தானாவுக்குக் கால் வீங்கியது. முகமும் வீங்கியது. கிட்னி என்று சொல்லி, சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அஃப்சல் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு தங்கினான். நைனா முகம்மது காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறிச் சிதம்பரம் போவார்.

அங்கேதான் அந்த டிங் சத்தத்துக்கு ஒரு புது உபயோகம் கிடைத்தது. மெஹ்ரீன் கோலாலம்பூரில் எங்கே கார்டைத் தேய்த்தாலும் உடனே இவர் போனுக்குச் செய்தி வரும். கடைப் பெயரும் தொகையும் இருக்கும். அவர் அதைப் படுக்கையில் கிடக்கும் மனைவிக்குப் படித்துக் காட்டுவார்.

"டீக்கட."

"இந்நேரத்துக்கா? காலையில ஒண்ணும் தின்னுருக்க மாட்டா," என்பாள் சுல்தானா.

"ரயிலு."

"உக்கார எடம் கெடைச்சுதோ என்னமோ."

ஒருநாள் மருந்துக் கடை என்று வந்தது. சுல்தானா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அஃப்சலின் போனில் கூப்பிட்டுக் கேட்டால், மெஹ்ரீன் அங்கே தலைவலித் தைலம் வாங்கியிருக்கிறாள். அம்மாவுக்காம், வரும்போது கொண்டு வருவதற்கு. அன்று முழுக்க சுல்தானா அதைப் பக்கத்துக் கட்டில்காரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஊசி போட வந்தால்கூட, "இருங்க, புள்ள இப்பதான் கடைக்குப் போயிருக்கா," என்று கையை இழுத்துக்கொள்வாள்.

மெஹ்ரீனை வரச் சொல்லட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். பயிற்சி பாதியில் கிடக்கிறது, பிள்ளையைப் பதற வைக்க வேண்டாம் என்றாள் சுல்தானா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அதை, கூப்பிட வேண்டாம் என்பதற்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் சார்பில் 'இணைய மோசடி விழிப்புணர்வுப் பெருவிழா'. மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் நைனா முகம்மதுவின் படம் தலைவர் சுப்பராயலுவின் படத்தைவிட ஒரு விரல் அகலம் சிறியது. அது பற்றி அச்சுக்கடையில் தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்திருந்தது. சிறப்புரை இவர்தான். மோசடி விஷயத்தில் அவர் தம்மை அந்த வட்டாரத்தின் கடைசி அரணாகக் கருதினார். வாட்ஸ்அப் என்பது திருடன் நுழையும் கொல்லைப்புற வாசல் என்று கண்டுபிடித்துத் தம் போனிலிருந்து அதை எடுத்தே விட்டிருந்தார். மகளிடம் பேச வேண்டுமானால் அஃப்சலின் போன்தான்.

முந்தின நாள் சாயங்காலம் சுல்தானாதான் அவரைக் கிளப்பி அனுப்பினாள். "நீங்க போயிட்டு வாங்க. இங்க ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா ஒடம்பு நல்லாயிடுமா?"

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அஃப்சலை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், சொந்தக்காரர்கள் யாராவது வர வேண்டியிருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். அஃப்சல் அத்தாவைக் கூப்பிட்டான். மேடையில் அப்போது குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரையில் அஃப்சல் பெயரைப் பார்த்தார் நைனா முகம்மது. மேடையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுப் போனை எடுப்பது துணைத் தலைவர் பதவிக்கு அழகல்ல. காலை டிபனுக்கு என்ன வாங்குவது என்று கேட்பான். துண்டித்தார். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, சபையின் நாகரிகம் கருதி அனைவரும் செல்போன்களை அணைத்து வைக்குமாறு கேட்டுக்கொண்டார். செயல்முறை விளக்கம் காட்ட வேண்டியிருந்ததால் தம்முடையதை மட்டும் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டார்.

அஃப்சல் அக்காவுக்குச் சொன்னான். மெஹ்ரீன் அழுதபடியே மத்தியான விமானத்தில் இடம் தேடிப் பிடித்தாள். கார்டு நம்பரைப் போட்டாள். ஓடிபி கேட்டது. அது கடலூரில், விழாவுக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் பைக்குள் சத்தமில்லாமல் வந்து விழுந்தது. சிதம்பரத்திலிருந்து அஃப்சல் தன் கணக்கில் டிக்கெட் போட்டுப் பார்த்தான். அந்த ஓடிபியும் அதே பைக்குள் விழுந்தது. தாய்மாமன் நசீரைக் கூப்பிட்டான். நசீரிடம் கார்டே கிடையாது, அவருடைய பேங்க் அவர் கைலி மடிப்பில் இருந்தது. அவர் ஒவ்வொரு டிராவல்ஸாகப் போய்ப் பூட்டிய ஷட்டர்களைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை.

மேடையில் உரை உச்சத்துக்கு வந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்குங்க. கம்ப்யூட்டர்ல இப்ப கொரலையே செஞ்சிடுறான். ஒங்க புள்ள கொரல்லயே பேசுவான். தெரியாத நம்பர்லேர்ந்து வருவான். ஆஸ்பத்திரின்னுவான், அவசரம்னுவான், கடைசியில ஓடிபி கேப்பான். பெத்த புள்ளயே கேட்டாலும் குடுக்கக் கூடாது."

அப்போது போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். வெளிநாட்டு எண்ணில் தொடங்கியது. நைனா முகம்மதுவின் முகம் மலர்ந்தது. அல்லாஹ்வே நேரம் பார்த்து அனுப்பியது போல இருந்தது. போனை உயர்த்திச் சபைக்குக் காட்டினார். ஸ்பீக்கரைப் போட்டு மைக்கின் வாயருகே வைத்தார்.

"அத்தா, நான் மெஹ்ரீன். ஓட்டல் போன்லேர்ந்து பேசுறேன். ஒங்களுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க. அம்மாவுக்கு முடியலயாம், ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். நான் டிக்கெட் போடுறேன்."

மண்டபம் சிரித்தது. அவர் சொன்னது அத்தனையும் சொன்ன வரிசையில் வந்து நின்றதும், இது அவரே ஆள் வைத்துச் செய்த ஏற்பாடு என்று முன்வரிசை முடிவு கட்டிவிட்டது. சுப்பராயலு பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டி, பாய் பின்னிட்டாருப்பா என்றார்.

நைனா முகம்மது சிரிக்கவில்லை. அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் அந்தக் குரல் எச்சிலை விழுங்கியது. மெஹ்ரீனைச் சின்ன வயதில் பல் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அம்மாவும் உள்ளே வரட்டும் என்று கேட்டபோது அப்படித்தான் விழுங்கினாள். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அஃப்சல் ஏன் இரண்டு முறை கூப்பிட்டான் என்பதும் அந்த நொடியில் அவருக்கு விளங்கியது.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம். இறங்கினால் இத்தனை நேரம் பேசியது என்ன ஆவது? பெத்த பிள்ளையே கேட்டாலும் என்று சொன்ன வாய் ஈரம்கூடக் காயவில்லை. சபை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை முடித்துவிட்டு, பின்பக்கம் போய்க் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் போகிறது. ஐந்து நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடும்?

"யாரு பெத்த புள்ளயோ," என்றார் மைக்கில். "ஒனக்கு இந்தப் பொழப்பு தேவையாம்மா?"

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. அத்தா, அத்தா என்று இரண்டு முறை கேட்டது. அதற்குள் அவர் துண்டித்துவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். கைத்தட்டல் நிற்காததால் அவரும் நிற்கவில்லை. ஆப்பைத் திறந்து, இப்படி ஒரு சந்தேகம் வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று காட்டினார். அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று மெஹ்ரீனின் கார்டைத் தற்காலிகமாகப் பூட்டுவது, இன்னொன்று ஒரேயடியாக முடக்குவது. பெருவிழா மேடையில் தற்காலிகமாக எதையும் செய்வது அவருக்குப் பழக்கமில்லை.

சால்வை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார்கள். அவர் பின்பக்கம் போவதற்குள் ஐந்து நிமிஷம் நன்றாக வளர்ந்து பெரிதாகியிருந்தது. ஓட்டல் நம்பரைக் கூப்பிட்டார். அவருடைய இணைப்பில் வெளிநாட்டுக்குப் பேசும் வசதி இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அந்த வசதியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆப்பைத் திறந்தார். முடக்கிய கார்டை மீட்க முடியாது, புதிய கார்டு பதிவு செய்த முகவரிக்குத் தபாலில் வரும் என்றது. உதவி என்ற இடத்தைத் தொட்டார். ஒரு பொம்மை கையசைத்தது.

'வணக்கம்! இன்று உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?'

அவர் ஒற்றை விரலால் தட்டினார். என் மகள் வர வேண்டும்.

'மன்னிக்கவும், புரியவில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.'

கீழே இருந்தவற்றில் அது இல்லை. நாற்பது வருஷமாக அவர் எந்த பேங்குக்குப் போனாலும் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுவார். டீ வரும். குரலை உயர்த்தினால் வேலை நடக்கும். இந்த பேங்கில் குரலை உயர்த்த ஒரு கவுண்ட்டர்கூட இல்லை. அவர் மண்டபத்தின் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு பொம்மையைப் பார்த்துக் கத்தினார். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைசியில் நசீர் ஒரு டிராவல்ஸ்காரரை வீட்டிலிருந்தே எழுப்பிக் கூட்டி வந்துவிட்டார். மத்தியான விமானத்துக்கு டிக்கெட் பதிவை மூடியாயிற்று, மறுநாள் காலைதான் என்றார் அவர். அதைப் போட்டார்கள்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது சுல்தானாவின் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். அஃப்சல் எழுந்து ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனான். சுல்தானா கண்ணைத் திறந்தாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"புள்ள இன்னிக்கி என்னா சாப்புட்டா?"

நைனா முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். திரையில் கார்டு முடக்கப்பட்டது என்ற செய்திக்கு மேலே எதுவும் இல்லை.

"இட்லி," என்றார். "அங்கயும் நம்மூரு கட ஒண்ணு இருக்காம்."

"அப்புறம்?"

"டிக்கெட் வாங்கிட்டா. ஏர்போர்ட்டுல டீ குடிச்சிருக்கா."

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா."

அவள் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாளா என்று கேட்டாள். ஜன்னல் பக்கம்தான் என்றார் அவர். மேகமெல்லாம் கீழே தெரியும் என்றார். ஒருமுறைகூட விமானம் ஏறாத மனிதர், மகள் பார்க்காத கடலையும் மகள் சாப்பிடாத சாப்பாட்டையும் போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். இவ்வளவு நன்றாக அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் சுல்தானா மவுத்தானாள். மகள் பாதிக் கடலுக்கு மேலே வந்துகொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு போனாள்.

சுல்தானாவின் உடலை மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மறுநாள் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. மன்றத்து ஆட்களும் வந்தார்கள். அடக்கம் மத்தியானத் தொழுகையான லுஹருக்கா, சாயங்கால அசருக்கா என்று ஜமாஅத்தில் கேட்டார்கள். எதற்கும் அவர்கள் தயார். நசீர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அசருக்கு வச்சிக்கலாம் மச்சான். புள்ள மெட்ராஸ்ல எறங்கிட்டா. டாக்சி புடிச்சி வந்துகிட்டு இருக்கா. மொகத்தப் பாத்துடுவா."

நைனா முகம்மது வாசலைப் பார்த்தார். ஷாமியானாவுக்குக் கீழே நேற்றைய முன்வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. சுப்பராயலு யாரிடமோ, பாப்பா ஏன் நேற்றே கிளம்பவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். அசர்வரை வைத்தால் இந்தக் கூட்டமும் அசர்வரை இருக்கும். மெஹ்ரீன் வந்து இறங்குவாள். வாசலிலேயே அழுவாள், அத்தா என்பாள். நேற்று ஸ்பீக்கரில் கேட்ட குரல் இதுதானே என்று ஒரு காதுக்காவது பொறி தட்டும்.

"மையத்தக் காக்க வக்கக் கூடாது," என்றார். "லுஹருக்கே எடுத்துடலாம்."

நசீர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா செத்த வீட்டில் அக்கா புருஷனிடம் சண்டை போட முடியாது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மார்க்கம் தெரிந்த மனிதர் என்று ஜமாஅத்தில் பேசிக்கொண்டார்கள்.

அசர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தபோது டாக்சி தெருவுக்குள் திரும்பியது. நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெஹ்ரீன் இறங்கினாள். நாற்காலிகளைப் பார்த்தாள். உள்ளே போய், அம்மாவைக் குளிப்பாட்டிய இடத்தில் ஈரம் இன்னும் காயாத சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. பையைத் திறந்து தைல டப்பா ஒன்றை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் எழுந்து போனபிறகு நைனா முகம்மது வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர் காதுக்கே சகிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மாற்றிக் கேட்டார். கம்பெனியிலிருந்து ஒருத்தர் வந்து கைச்செலவுக்குக் கொடுத்தார் என்றாள். பிறகு, இந்த மாதிரி பேங்க்கையெல்லாம் நம்பவே கூடாது, ஒரு ஆத்திர அவசரத்துக்குப் பேச ஆள் கிடையாது என்று அவர் ஆரம்பித்தார். அவள் குறுக்கிட்டாள்.

"நான் பேசும்போது பின்னாடி கை தட்டுற சத்தம் கேட்டுச்சி. எதுக்கு அத்தா கை தட்டுனாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைன் சரியில்லம்மா. எவனோன்னு நெனச்சிட்டேன்."

லைன் நன்றாகத்தான் இருந்தது.